சிவப்புப் பொட்டு இல்லாத ஸ்லைடு

அந்த ஆய்வுக்கூடத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சீவலண்ணன் என்றால்தான் தெரியும். கண்ணைச் சீவுவது அவர் தொழில். கேட்பதற்கு ஒரு மாதிரிதான் இருக்கும். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவர் மனைவி, "இவர் ஆஸ்பத்திரியில வேலை பாக்கறார்" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். மேலே துருவினால், "கத்தி வேலை" என்பாள். பெரிய டாக்டர் என்று நினைத்து எழுந்து நின்றவர்களும் உண்டு.

போன மழைக்காலத்தில் அவர் இறந்துபோனார். வேலைக்கு வருகிற வழியில், ஆஸ்பத்திரி வாசலுக்கு வெளியே, கையில் சாப்பாட்டுப் பையோடு. நெஞ்சுவலி என்றார்கள். நினைவுக் கூட்டமோ பாராட்டோ நடக்கிற அளவுக்கு அவர் பெரிய ஆள் இல்லை. அவர் செய்த வேலையையும், அந்த வேலை அவருக்குச் செய்ததையும் யாராவது ஒரு தடவையாவது சொல்லிவைக்க வேண்டும்.

கண்ணுக்குள் ஒரு நீர் எந்நேரமும் ஊறிக்கொண்டிருக்கிறது. கண்ணீர் வேறு, இது வேறு. கண்ணுக்கு நிறம் தரும் நிறத்திரைக்குப் பின்னால் ஊறி, கண்மணித் துளை வழியாக முன்பக்கம் வந்து, ஓரத்தில் ஒரு மூலையில் போய் வடியும். கருவிழியை மூடியிருக்கும் தெளிந்த படலமும் உள்ளே இருக்கும் நிறத்திரையும் சந்திக்கிற மூலை அது. அங்கே சல்லடை மாதிரி ஒரு சதை இருக்கிறது. முதல் அடுக்குகளில் பெரிய ஓட்டைகள். உள்ளே போகப் போக ஓட்டை சிறுக்கும். கடைசி அடுக்கு ஈர மணல் மாதிரி, ஓட்டை இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. அதைத் தாண்டினால் கண்ணைச் சுற்றி மோதிரம் போல ஓடும் ஒரு கால்வாய். அதிலிருந்து நூல் நூலாகக் கிளை பிரிந்து, நீர் ரத்தத்தில் போய்ச் சேரும். ஊறுகிற அளவுக்கு வடியவில்லை என்றால் கண்ணில் அழுத்தம் ஏறும். ஏறின அழுத்தம் பின்னால் இருக்கிற நரம்பை நசுக்கும். வலிக்காது, உறுத்தாது. பார்வையின் ஓரத்தில் வாய் வைத்து உள்நோக்கித் தின்றுகொண்டே வரும். தின்றது தின்றதுதான், திரும்ப முளைக்காது.

இந்த வடிகிற வழியைத்தான் அந்த ஆய்வுக்கூடம் ஆராய்ந்தது. இறந்தவர்கள் கொடுத்துவிட்டுப் போன கண்களில் தெளிந்த படலம் வேறொருவருக்குப் பொருத்தப் போய்விடும். மிச்சம் இங்கே வரும். சில கண்கள் ஆராய்ச்சிக்கென்றே முழுசாகவும் வரும். ஆஸ்பத்திரியின் பின்பக்கம், துணி வெளுக்கும் அறைக்கு அடுத்த நீள அறை. எப்போதும் சூடான மெழுகு வாசனையும் ஸ்பிரிட் வாசனையும் கலந்து அடிக்கும்.

சீவலண்ணன் அந்த மிச்சத்தை, வட்ட ரொட்டியை வெட்டுவது போலக் கூறு கூறாக வெட்டுவார். ஸ்பிரிட்டில் ஊறவைத்து, ஈரம் முழுக்கப் போனதும் உருக்கின மெழுகுக்குள் நிறுத்துவார். அந்த நிறுத்துவதில்தான் வித்தையே. துணுக்கு அரிசிமணி அளவு இருக்கும். இம்மி சாய்ந்தாலும் கத்தி கால்வாயைக் குறுக்கே வெட்டாமல் நீளவாக்கில் கிழித்துவிடும். குறுகலான கால்வாய் குளம் மாதிரி அகன்று தெரியும். மெழுகு இறுகும்வரை அவர் இடுக்கியை எடுக்கமாட்டார், மூச்சும் விடமாட்டார்.

"அண்ணே, மூச்சை விடுங்க. அப்புறம் உங்க கண்ணுக்கும் நான்தான் சாயம் போடணும்" என்பாள் சாயக்காரி. அவர் வெட்டிய சீவல்களுக்கு நீலமும் ரோஜாச் சிவப்பும் ஏற்றுகிறவள். கையுறை போட்டும் அவள் விரல் நுனிகள் வருஷம் முழுக்கச் சிவந்தே இருக்கும்.

"எனக்கு இருக்கறதே ரெண்டு கண்ணுதாம்மா. உன் சாயத்துக்குத் தாங்காது."

கட்டி இறுகியதும் ஐஸில் குளிரவைத்து, இயந்திரத்தில் மாட்டி, சக்கரத்தைச் சுற்றுவார். ஒரு தலைமுடியைப் பத்தாகப் பிளந்தால் என்ன தடிமனோ அதைவிட மெல்லிசாக, சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டி நாடா மாதிரி வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் நீங்கியதும் கண்ணாடி ஸ்லைடை அடியில் விட்டு அள்ளுவார்.

அந்த அறைக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. உயிரோடிருக்கிற கண்ணுக்குள் அழுத்தம் இருக்கிறது. செத்த கண்ணில் இல்லை. அழுத்தம் போன கண்ணில் சல்லடை தளர்ந்துவிடும், கால்வாய் தன் இஷ்டத்துக்கு வாயைத் திறந்துகொள்ளும். அதனால் ஆராய்ச்சிக்கான முழுக்கண்ணில் ஊசி ஏற்றி, உப்புநீர்ப் புட்டியை உயரத்தில் தொங்கவிடுவார்கள். புட்டி எவ்வளவு உயரமோ கண்ணுக்குள் அவ்வளவு அழுத்தம். அதே உயரத்திலிருந்து, சதையைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலினையும் இறக்கினால், உயிரோடிருந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே உறைந்துவிடும். புட்டி கட்டாமல் நேராக ஃபார்மலினில் விழுந்த துணுக்குகளின் ஸ்லைடில் சீவலண்ணன் ஓரமாக ஒரு சிவப்புப் பொட்டு வைப்பார். சாயக்காரி கொண்டுவந்து கொடுத்த நகப்பூச்சுதான் அதற்கு. இதில் மற்றதையெல்லாம் பார்த்துக்கொள், கால்வாய் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று மட்டும் கேட்காதே என்று அர்த்தம். வழக்கத்தைக் கொண்டுவந்ததே அவர்தான். யாராவது மறந்தால் குதிப்பார்.

அவர் மனைவி தையல்காரி. வாசலை ஒட்டிய அறையில் இயந்திரம் போட்டிருந்தாள். தெருவுக்கு அவள் டெய்லரம்மா. சீண்ட வேண்டுமென்றால் அவருக்கும் அப்படித்தான். ஊசியில் நூல் கோக்க அவளுக்கு நாற்பது தாண்டியும் கண்ணாடி வேண்டியிருக்கவில்லை. ஆனால் நிலைப்படியில் தோள் இடிக்கும். நடுவில் கிடக்கும் முக்காலியை உதைப்பாள். பக்கத்தில் வைத்த தம்ளரைத் தட்டிவிடுவாள்.

"குதிரைக்குக் கட்டற மாதிரி உனக்கும் கண்ணுக்கு ரெண்டு பக்கமும் மறைப்பு கட்டிட்டாங்களா?" என்று அவர் சிரிப்பார்.

"ஆமா, உங்களைக் கட்டிக்கும்போதே கட்டிட்டாங்க. அதான் வேற பக்கம் திரும்பிப் பாக்கல."

இப்படியே சில வருஷங்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி ஊழியர் குடும்பங்களுக்குச் சும்மா ஒரு கண் பரிசோதனை நடந்தபோதுதான் தெரிந்தது. இரண்டு கண்ணிலும் அழுத்தம். இடது கண்ணில் பாதிக்கு மேல் போய்விட்டது. வலது கண்ணில் ஓரம் கொஞ்சம் அரித்திருந்தது, மற்றபடி நன்றாக இருந்தது.

டாக்டரம்மா அவருக்குப் பல வருஷப் பழக்கம். அவர் வெட்டிக்கொடுத்த ஸ்லைடுகளைப் பார்த்துத்தான் கட்டுரைகள் எழுதியிருந்தார். "இடது கண்ணுக்கு ஆபரேஷன் பண்ணி, தண்ணி வடிய வேற ஒரு வழி திறந்துடலாம். வலதைச் சொட்டு மருந்துலயே காப்பாத்தலாம். ஒரு நாள்கூடத் தவறக்கூடாது. இந்த வலது கண்ணுதான் இனிமே இவங்களுக்கு" என்றார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சீவலண்ணன் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். வழி திறக்கும்போது சல்லடையில் ஒரு துணுக்கை வெட்டி எடுப்பார்களே, அது கிடைக்குமா?

"குப்பைக்குத்தான் போகப்போகுது. அவங்க கையெழுத்துப் போட்டா எடுத்துக்குங்க" என்றார் டாக்டரம்மா.

மனைவி கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு, "ஊர்ல இருக்கற கண்ணையெல்லாம் சீவி முடிச்சாச்சு, இப்ப வீட்டுக்கே வந்துட்டீங்க" என்றாள்.

துணுக்கு எறும்புத் தலை அளவுதான் இருந்தது. ஆபரேஷன் அறையில் யாரோ அதை ஃபார்மலின் குப்பியில் போட்டுக் கொடுத்தார்கள். சீவலண்ணன் அதை வேறு யாரையும் தொடவிடவில்லை. தானே மெழுகில் நிறுத்தினார், தானே சீவினார். சாயக்காரி சாயம் ஏற்றிக் கொடுத்துவிட்டு, அவர் பார்க்கும்போது கூட நிற்காமல் வெளியே போய்விட்டாள்.

அவர் பார்த்தார். அதுவரை அவர் வெட்டியவற்றிலேயே அழகான சீவல் அது. சல்லடையின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் துப்புரவாகப் பிரிந்து நின்றன. அழுக்கு இல்லை, அடைப்பு இல்லை. கால்வாய் வாயைத் திறந்துகொண்டு ரோஜா நிறக் கரைகளுக்கு நடுவே வெள்ளையாகத் தெரிந்தது. நெஞ்சிலிருந்து பெரிய பாறாங்கல்லை இறக்கி வைத்தது போலிருந்தது அவருக்கு. லேபிளில் மனைவியின் பெயரை எழுதினார். நகப்பூச்சுக் குப்பி கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதன் பக்கம் கை போகவே இல்லை. ஊருக்கெல்லாம் பொட்டு வைத்தவர், தன் வீட்டு ஸ்லைடில் மறந்தார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "உன் கண்ணைப் பாத்தேன்" என்றார்.

"எப்படி இருந்துச்சு?"

"வழி நல்லா திறந்துதான் இருக்கு. ஒண்ணுமே அடைக்கல. என் அனுபவத்துல இப்படி ஒரு சுத்தமான சல்லடையைப் பாத்ததில்ல."

"அப்ப எதுக்குங்க எனக்கு இந்தக் கண்றாவி?"

"அதான் எனக்கும் புரியல. டாக்டருங்க கொஞ்சம் ஜாக்கிரதையாதான் சொல்லுவாங்க."

அந்த ஒரு வார்த்தைதான்.

சொட்டு மருந்து எரியும். எரிந்தால் கண் சிவக்கும். துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "என்னக்கா, வீட்டுல ஏதாவது சண்டையா?" என்பார்கள். ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆம்பளைங்களே அப்படித்தான்" என்று அழவே ஆரம்பித்துவிட்டாள். இவளுக்கு வெட்கமாகப் போய்விடும். ஆட்கள் வருகிற நாளில் காலை மருந்தை நிறுத்தினாள். பிறகு மாலை மருந்தையும். முன்பெல்லாம் தானே அவளைச் சாய்த்து வைத்து இமையை விலக்கிச் சொட்டு விட்டவர் அவர். இப்போது, "இன்னைக்கு வேணாம்ங்க, எரியுது" என்றால், "சரி, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று மூடியைத் திருகி வைத்துவிடுவார். பள்ளிக்கூடம் திறக்கிற காலம் வந்தது. சீருடைத் துணி மூட்டை மூட்டையாகக் குவிந்தது. மறுபரிசோதனைக்குப் போக வேண்டிய நாள் அந்தத் துணிக்கடியில் எங்கோ மறைந்துபோனது.

வெளியூரில் இருந்த மகள் போனில் கேட்பாள். "அப்பா, அம்மாவுக்கு மருந்து விடறீங்களா?"

"உங்கம்மா கண்ணை நானே பாத்துட்டேன்டி. கவலைப்படாதே."

அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

ஒரு சாயங்காலம் சீருடைக்கு அளவு கொடுக்க ஒரு சின்னப் பெண் அம்மாவோடு வந்தாள். அம்மா வாசலில் யாரோடோ பேச்சில் இருந்தாள். பெண் உள்ளே வந்து இயந்திரத்துக்கு வலது பக்கத்தில் நின்றாள். சீவலண்ணன் உள் அறையில் நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பெண் ஒரு காலை மாற்றி நின்றாள், இருமினாள். அவர் மனைவி பையின் ஓரத்தைத் தைத்துக்கொண்டே இருந்தாள். குழந்தையோடு விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரிக்கத் தயாராக இருந்தார். கத்தரிக்கோலை எடுக்க அவள் கையை நீட்டியபோது அது பெண்ணின் வயிற்றில் பட்டது. மனைவி அலறிவிட்டாள்.

"ஆன்ட்டி, நான் வந்து எவ்ளோ நேரமாச்சு" என்றது குழந்தை.

அவர்கள் போன பிறகு அவர் கதவைச் சாத்தினார். அவளை முக்காலியில் உட்காரவைத்து, இடது கண்ணைக் கையால் மூடச் சொன்னார்.

"என் மூக்கையே பாரு. விரலைப் பக்கத்துல இருந்து கொண்டுவரேன். தெரிஞ்சதும் சொல்லு."

காதருகே இருந்து விரலை நகர்த்தினார். கன்னத்தைத் தாண்டினார். புருவ முனையைத் தாண்டினார்.

"ஆரம்பிங்க" என்றாள் அவள்.

விரல் கிட்டத்தட்ட அவள் முகத்துக்கு நேரே இருந்தது.

மறுநாள் பார்வைப் பரப்புப் பரிசோதனை. இருட்டறையில் ஒரு கிண்ணத்துக்குள் முகத்தைப் பதித்துக்கொள்ள வேண்டும். அங்கங்கே ஒளிப்புள்ளிகள் தோன்றும். தெரிந்ததும் கையில் இருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். சீவலண்ணன் திரைக்கு வெளியே நின்றார். முதல் தடவை வலது கண்ணைச் சோதித்தபோதும் அவர் அங்கேதான் நின்றிருந்தார். அப்போது பொத்தான் சத்தம் கூரையில் விழுகிற மழை மாதிரி விடாமல் கேட்டது. இப்போது ஒரு க்ளிக். பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத நேரத்திலும் உள்ளே புள்ளிகள் வந்து வந்து போய்க்கொண்டிருக்கும் என்று அவருக்குத் தெரியும். அமுக்கு, அமுக்கு என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டார். இன்னொரு க்ளிக். திரைக்குள் கையை விட்டுத் தானே அமுக்கிவிடலாமா என்றிருந்தது.

பரிசோதனையில் வந்த படத்தை டாக்டரம்மா எடுத்துப் பார்த்தார். நடுவில் ஒரு வட்டம் தவிர மற்றதெல்லாம் கறுப்பு. "மருந்து போடறீங்களா?" என்று கேட்டார். மனைவி வாயைத் திறக்கும் முன், "நான்தான் மேடம்" என்றார் அவர். "ஸ்லைடைப் பாத்தேன். வழி திறந்திருந்துச்சு."

"எந்த ஸ்லைடு? கொண்டாங்க."

மனைவியை அங்கேயே உட்காரவைத்துவிட்டு ஓடினார், டாக்டரம்மாவும் பின்னாலேயே வந்தார். ஆய்வுக்கூடத்து நுண்ணோக்கியில் டாக்டரம்மா அதைப் பொருத்தி, குனிந்து பார்த்தார். திருகை முன்னும் பின்னும் நகர்த்தினார்.

"அருமையா வெட்டியிருக்கீங்க. இது எந்த உயரத்துல புட்டி கட்டினது?"

பொட்டு இல்லாததால் கேட்டார். வேறு எந்த எண்ணமும் அவருக்கு இல்லை. சீவலின் அழகில், யாருடைய ஸ்லைடு என்பதையே அந்த நிமிஷம் மறந்திருந்தார். சீவலண்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது. உயிரோடிருந்த கண்ணிலிருந்து வெட்டி எடுத்த துணுக்கு. வெட்டிய நொடியில் அழுத்தம் போயிற்று. நசுங்கிக் கிடந்த கால்வாய் வாயைத் திறந்துகொண்டது. திறந்த வாயைத்தான் அவர் பார்த்தார். பார்த்துவிட்டு வீட்டில் போய்ச் சொன்னார்.

"இது புட்டி கட்டல மேடம்" என்றார். "வீட்டுல... அவளோடது."

டாக்டரம்மா நிமிர்ந்தார். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. "புட்டி கட்டியிருந்தாலும் இதுல தெரிஞ்சிருக்காது" என்றார் மெதுவாக. "தடுக்கறது பெரும்பாலும் கால்வாயை ஒட்டின அந்தக் கடைசி அடுக்குதான். அது எப்படித் தடுக்குதுன்னு இந்த லென்ஸுக்குத் தெரியாது. எங்களுக்கே முழுசாத் தெரியாது."

ஆறுதலுக்குத்தான் சொன்னார். அது அவர் காதில் ஏறவில்லை. சாயக்காரி மூலையில் குப்பிகளைக் கழுவுகிறவள் மாதிரி, கழுவினதையே திரும்பக் கழுவிக்கொண்டு நின்றாள்.

அன்று வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னார். புட்டியைச் சொன்னார், பொட்டைச் சொன்னார். அவள் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து கேட்டாள்.

"நீங்க சொல்லலன்னாலும் நான் மருந்தை நிறுத்தியிருப்பேன். எரிஞ்சுதே."

"இல்ல. நான் சொன்னதாலதான் நிறுத்தின."

அவள் கையில் இருந்த நூலை ஊசிக் காதுக்கு நேராகப் பிடித்து ஒரே தடவையில் கோத்தாள். நடுவட்டம் இன்னும் கூர்மையாகத்தான் இருந்தது. "பாருங்க, இது போகல" என்றாள். அவர் எழுந்து கொல்லைப்பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். திரும்பப் போய்க் கழுவினார்.

வலது கண்ணுக்கும் ஆபரேஷன் ஆயிற்று. இருக்கிற வட்டத்தைக் காப்பாற்றத்தான். போனதைக் கொண்டுவர வழியில்லை. இப்போது அவர் வேளை தவறாமல் சொட்டு விட்டார். விட்டுவிட்டு மூக்கோரத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்வார், மருந்து தொண்டைக்கு இறங்காமல். அழுத்தத்தை அளக்க அடிக்கடி கூட்டிப்போனார். எண் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் வட்டம் சிறுத்துக்கொண்டே வந்தது. நலிந்துபோன நரம்பு சில சமயம் அப்படித்தான், அழுத்தம் இறங்கியும் நிற்காது என்றார் டாக்டரம்மா. என்ன செய்யலாம் என்று இவர் கேட்டார். இதையேதான் செய்யணும் என்றார் டாக்டரம்மா.

ஆய்வுக்கூடத்தில் அவர் எல்லா ஸ்லைடுக்கும் பொட்டு வைக்க ஆரம்பித்தார். புட்டி கட்டினது, கட்டாதது என்ற பேதமில்லை. தானே உயரம் பார்த்துத் தொங்கவிட்டு உறையவைத்த கண்ணுக்கும் பொட்டு. முதலில் யாரும் கவனிக்கவில்லை. பிறகு மாணவர்கள் குழம்பினார்கள்.

"அண்ணே, எல்லாத்துக்கும் வெச்சா அப்புறம் எதுக்கு அண்ணே பொட்டு?" என்று கேட்டாள் சாயக்காரி. "போன வாரம் நீங்களும் நானும் சேர்ந்து புட்டி கட்டின கண்ணு இது. அந்த ஸ்டூல்ல ஏறி நான்தான் ஆணியில மாட்டினேன்."

"நல்லா மாட்டினியா?"

"மாட்டினேன்."

"குழாய்ல காத்துக்குமிழ் ஏதாவது நின்னிருக்கலாம்."

"நிக்கல அண்ணே."

"உனக்கெப்படித் தெரியும்?" என்றார் அவர். சண்டைக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். அவள் ஸ்பிரிட்டைத் தொட்டு அந்தப் பொட்டை அழித்தாள். மறுநாள் பார்த்தால் திரும்ப இருந்தது.

ரவிக்கை ஒன்று தைக்கக் கொடுக்கிற சாக்கில் சாயக்காரி வீட்டுக்கு வந்து, அவர் இல்லாத நேரம் பார்த்து, "அண்ணி, அண்ணன் சரியா இல்ல" என்று விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று அவர் வந்ததும் மனைவி சொன்னாள். "என்னை ஒரு நாள் அங்க கூட்டிட்டுப் போங்க."

"எங்க?"

"அந்தக் கண்ணாடியை நானும் பாக்கணும். என் சதைதானே? கையெழுத்துப் போட்டவ நான்."

"உனக்கு அது..." என்று இழுத்தார். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

விடுமுறை நாள் ஒன்றில் கூட்டிப்போனார். வராந்தாவில் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, இங்கே தூண், இங்கே தள்ளுவண்டி என்று சொல்லிக்கொண்டே வந்தார். "தூண் தெரியுது, நீங்கதான் தெரியமாட்டேங்கறீங்க. பக்கத்துல நடக்காதீங்க, முன்னாடி நடங்க" என்றாள். ஆய்வுக்கூடத்து வாசனை வந்ததும், "இந்த நாத்தத்தைத்தான் இத்தனை வருஷமா சட்டையில கொண்டுவந்தீங்களா" என்றாள்.

நுண்ணோக்கியின் விளக்கைப் போட்டார். ஸ்லைடை எடுத்துப் பொருத்தினார். அதில் மட்டும் இன்னும் பொட்டு இல்லை. எத்தனையோ தடவை எடுத்துக் கையில் வைத்திருந்து திரும்ப வைத்திருக்கிறார். இனி அதில் பொட்டு வைப்பது யாரை ஏமாற்ற என்று தோன்றிவிடும். உயரத்தைச் சரிசெய்து, அவளை உட்காரவைத்து, தலையை இரு கையாலும் பிடித்து, வலது கண்ணைக் குழாயின் மேல் கொண்டுபோய் வைத்தார்.

அவள் வெகுநேரம் அசையவில்லை.

"தெரியலையா? திருகட்டுமா?"

"இருங்க" என்றாள். குரல் மாறியிருந்தது. "ஏங்க... ஓரம் வரைக்கும் தெரியுதுங்க."

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. நுண்ணோக்கியில் தெரிவது ஒரு சின்ன வட்டம். அவளிடம் மிச்சமிருப்பதும் ஒரு சின்ன வட்டம். வீட்டில் கதவைப் பார்த்தால் அதன் கைப்பிடி மட்டும், மகளைப் பார்த்தால் அவள் மூக்கு மட்டும் என்று ஆகிவிட்டவளுக்கு, வெகுகாலத்துக்குப் பிறகு ஒன்று முழுசாகத் தெரிந்தது.

"வலைத்துணி மாதிரி இருக்கு" என்றாள். "அடுக்கடுக்கா. யாரோ பொறுமையாப் பின்னியிருக்காங்க. இதா அந்தக் கால்வாய், வெள்ளையா?"

"ஆமா."

"திறந்துதான் இருக்கு."

அவர் அவள் தலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"இழை விட்டுப்போன மாதிரி எங்கயாவது இருக்கும்னு பாத்தேன். எங்கயும் இல்ல. துணியில ஒரு நூல் இழுத்திருந்தாக்கூட என் கண்ணுக்குத் தப்பாது, உங்களுக்குத் தெரியும்ல? இதுல ஒண்ணுமே இல்லீங்க." அவள் கண்ணை எடுக்காமலே, அவர் கை எங்கே இருக்கிறது என்று மேசைமேல் தடவினாள். "நானா இருந்தாலும் வந்து இதைத்தான் சொல்லியிருப்பேன்."

கை கிடைக்கவில்லை. அவர் அவளுக்குப் பக்கத்திலேயே, வலது பக்கத்தில்தான் நின்றிருந்தார். மேசைமேல் அவள் கை தன்னைத் தேடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அதைப் பிடிக்க வேண்டும் என்று தெரிந்தது. இவ்வளவு நல்ல மனசுக்கு முன்னால் எப்படி நிற்பது என்றுதான் தெரியவில்லை. அவள் விரல்கள் நகப்பூச்சுக் குப்பியில் பட்டு அதை உருட்டிவிட்டன. அது மேசை விளிம்புக்குப் போய்க் கீழே விழுந்தது.

"என்னது உடைஞ்சுது?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. நீ பாரு."

அவள் மறுபடி குனிந்தாள். விளக்கை அணைக்கச் சொல்லி அவளே கேட்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். சிமெண்டுத் தரையில் சிவப்பு மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. அவள் எழுந்திருக்கும்போது அதில் கால் வைத்துவிடாமல் இருக்க, அவர் தன் செருப்பை அதன்மேல் வைத்து மறைத்துக்கொண்டு நின்றார்.